பூந்திக்கொட்டை: சென்னைத் தண்ணீரில் எது வெளுக்கும், எது வெளுக்காது

பட்டுப் புடவை, சாயம் போகும் வண்ணப் பருத்தி, தங்க நகை. இந்த மூன்றுக்கும், தண்ணீரில் நுரைக்கும் காயான பூந்திக்கொட்டையைவிட நல்ல பொருள் கடைகளில் பாட்டிலில் கிடைப்பதில்லை. வெள்ளை வேட்டி, பள்ளிச் சட்டையின் காலர், தேங்காய் எண்ணெய் ஊறிய தலையணை உறை ஆகியவற்றுக்கு அது மட்டும் போதாது. சோப்புத் தூளை அடியோடு நிறுத்திவிடலாம் என்று நம்பி வாங்குபவர்கள் இரண்டாவது மாதமே சலித்துப்போய்த் தூளுக்குத் திரும்புகிறார்கள். எந்தத் துணிக்கு எது என்று பிரித்து வைத்துக்கொண்ட வீட்டில் தூளின் செலவு பாதியாகக் குறைகிறது, அந்தப் பாதி நிலைக்கவும் செய்கிறது. இந்தப் பொருளிடம் எதிர்பார்க்க வேண்டியது அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.

சென்னை நாட்டு மருந்துக் கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். நம் பக்கத்துக் காய் சிறியது, சுருங்கியது, கருஞ்சிவப்பு. மூன்று காய் ஒட்டிப் பிறப்பதால் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தழும்பு தெரியும். இமயமலை அடிவாரத்திலிருந்து வருவது பெரியது, உருண்டை, தேன் நிறம். அதை ரீட்டா என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே பேரினத்தின் இரு இனங்கள், லிச்சிப் பழத்தின் குடும்பம். சலவைக்கு எது கிடைத்தாலும் வாங்கலாம். நம் மலைகளில் சீயக்காய், கடுக்காய் போலவே இதுவும் மலைவாழ் மக்கள் பொறுக்கி எடுத்து விற்கும் சிறுவன மகசூல். அதனால் விலை ஒத்து வந்தால் நாட்டுக் காயையே வாங்குவது நல்லது.

மயிலாப்பூர் கச்சேரி சாலையிலும், பூங்கா நகர் ராசப்ப செட்டி தெருவிலும் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் சில்லறையாக நிறுத்துத் தருவார்கள். மஞ்சப்பையோ பழைய டப்பாவோ கொண்டுபோனால் அதிலேயே வாங்கிக்கொள்ளலாம், பிளாஸ்டிக் உறை வீட்டுக்குள் வராது. வாங்கும்போது இரண்டு காயைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல சரக்கின் தோல் தோல்செருப்புப் போல வளையும், லேசாகப் பிசுபிசுக்கும், பளபளப்பு இருக்கும். பழைய சரக்கு கறுத்துப் பொடியும், சாக்கின் அடியில் வண்டு அரித்த தூள் கிடக்கும். சந்தேகமாக இருந்தால் முதலில் நூறு கிராம் மட்டும் வாங்குங்கள். இரண்டு காயின் தோலை அரை பாட்டில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் குலுக்கினால் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழ வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் அது பெரும்பாலும் நின்றிருக்க வேண்டும்.

நுரைக்கும் சத்தான சப்போனின் இருப்பது தோலில்தான், உள்ளே இருக்கும் கறுப்பு விதையில் சலவைக்கு ஒன்றும் இல்லை. முழுக் காயின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு விதை. எனவே விதை நீக்கிய தோல், முழுக் காயின் விலையைப்போல் ஒன்றேமுக்கால் மடங்குக்குள் கிடைத்தால் நஷ்டமில்லை. அதற்கு மேல் கேட்டால் முழுக் காயை வாங்கி வீட்டிலேயே விதையை எடுத்துவிடலாம். உலர்ந்த காயைச் சுத்தியலால் தட்ட வேண்டியதில்லை. இரவு ஊறவைத்தால் காலையில் விரலால் பிதுக்கினாலே விதை வழுக்கி வெளியே வரும். விதையோடு மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும், அவ்வளவு கெட்டி.

பொடியாக விற்பதை வாங்காதீர்கள். எதை அரைத்துச் சேர்த்தார்கள் என்று கண்ணால் பார்க்க முடியாது. துணி மடிப்பில் பழுப்புத் துகள் ஒட்டும். டப்பாவைத் திறக்கும்போது மூக்கில் ஏறினால் தும்மல் நிற்கவே நிற்காது. பாட்டிலில் வரும் பூந்திக்கொட்டைத் திரவம் இன்னும் மோசமான பேரம். அதில் பெரும்பகுதி தண்ணீர், அந்தத் தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில், ஒரு லாரிப் பயணம். வெறும் கொதிசாறு அறை வெப்பத்தில் மாதக் கணக்கில் தாங்காது என்பதால், பதப்படுத்தும் வேதிப்பொருள் ஏதாவது சேர்த்தே ஆக வேண்டும். லேபிளில் சோடியம் லாரெத் சல்பேட் என்று இருந்தால் நுரை வருவது முக்கியமாக அதிலிருந்துதான். பாட்டில் குறையட்டும் என்று தொடங்குகிறவர் இன்னொரு வகைப் பாட்டிலை வாங்கி வைப்பதில் அர்த்தமில்லை.

இனி கரைசல். ஐம்பது கிராம் தோல், அதாவது இரண்டு கைப்பிடி, ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறட்டும். காலையில் அதே தண்ணீரோடு நான்கு லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் ஏற்றுங்கள். பெரிய பாத்திரம் ஏன் என்றால், கொதி வந்ததும் பால் பொங்குவதைவிட வேகமாகப் பொங்கும், அடுப்பின் பர்னர் துளைகளில் இறங்கினால் கழுவி எடுப்பது பெரும்பாடு. பொங்கியதும் தீயைச் சிறிதாக்கி, மூடாமல் பதினைந்து இருபது நிமிடம் வையுங்கள். ஆறியதும் தோலை அதே நீரில் கையால் நன்றாகப் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கிடைக்கும். டீ டிக்காஷன் நிறம், வழவழப்பு, கொஞ்சம் புளிப்பு கலந்த வாசம். கையில் வெட்டுக் காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் தெறித்தால் கடுமையாக எரியும், நிறைய தண்ணீர் விட்டு உடனே கழுவ வேண்டும்.

நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று குக்கரில் வைக்கவே கூடாது. நுரை மேலேறி விசில் துளையை அடைத்துக்கொள்ளும், அழுத்தம் வெளியேற வழி இருக்காது. சூடாக இருக்கும்போது மிக்ஸியில் அடிப்பதும் அப்படித்தான், மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை வெளியே வரும். கேஸ் செலவு உறுத்தினால் சித்திரை வைகாசியில் மொட்டை மாடி இருக்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் ஊறவைத்து மூடி, காலை ஒன்பது மணிக்கு மாடியில் வைத்து மாலை நான்கு மணிக்கு எடுத்துப் பிசைந்தால் போதும், அடுப்பே வேண்டாம்.

வடிகட்டிய தோலைத் தூக்கி எறியாதீர்கள். அரை லிட்டர் தண்ணீர் விட்டு இன்னொரு முறை பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் இரண்டாம் சாறு வரும். துணிக்கு அது பலமில்லை. தரை துடைக்க, குளியலறை ஓடு தேய்க்க, கால்மிதியை ஊறவைக்கப் போதும். பிறகு தோலை நீரில் கசக்கிப் பார்த்தால் நுரை வராது, அப்போது உரத்தொட்டியில் போட்டுவிடலாம்.

கணக்கு இது. ஒரு கிலோ முழுக் காயில் ஐந்நூற்றைம்பது கிராம் அளவுக்குத் தோல். அதில் பதினோரு லிட்டர் கரைசல். ஐந்தாறு கிலோ துணி போடும் ஒரு சலவைக்கு நூறு மில்லி, வியர்வை அதிகமென்றால் நூற்றைம்பது. வாரம் மூன்று முறை மெஷின் போடும் வீட்டுக்கு ஒரு கிலோ ஆறு மாதம் ஓடும். சோப்புத் தூளின் மாதச் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் விலைப் பக்கம் பேசவே தேவையிருக்காது.

பேச வேண்டியது தண்ணீரைப் பற்றி. சென்னையில் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு மெட்ரோ தண்ணீர், அடுத்த வீட்டுக்கு போர் தண்ணீர், மூன்றாவதற்கு லாரித் தண்ணீர். கடற்கரையை ஒட்டிய பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பகுதிகளில் போர் தண்ணீரின் உப்பு வாயிலேயே தெரியும். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை, அதாவது கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவை, ஏற்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. போர் தண்ணீர் பல இடங்களில் இந்த எல்லையை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். கட்டி சோப்பு இந்தத் தண்ணீரில் கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து தயிர்போலத் திரிந்துவிடும். வாளியின் விளிம்பில் படியும் சாம்பல் நிற அழுக்கு வளையம் அதுதான். பூந்திக்கொட்டையின் சப்போனினுக்கு மின்னேற்றம் கிடையாது, எனவே அது உப்போடு சேர்ந்து திரியாது. கட்டி சோப்பைவிட இது போர் தண்ணீரில் நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் இதுவே.

ஆனால் அது தண்ணீரை மென்மையாக்குவதும் இல்லை. சோப்புத் தூளில் அந்த வேலைக்கென்றே தனி உப்புகள் சேர்த்திருக்கிறார்கள், இதில் அப்படி ஒன்றும் இல்லை. அதனால் போர் தண்ணீரில் பருத்தித் துணி வெளுக்கும்போது ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவை முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டு, பிறகு கரைசலை ஊற்றுங்கள். வித்தியாசம் முதல் அலசலிலேயே தெரியும். பட்டுக்கும் கம்பளிக்கும் சலவைச் சோடா ஆகவே ஆகாது, இழையைத் தின்றுவிடும்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை இதற்கு யாரும் பயன்படுத்திக்கொள்ளாதது வருத்தமாக இருக்கிறது. காற்றில் இருந்த ஈரம்தான் குளிர்ந்து சொட்டுகிறது, உப்பே கிடையாது. சென்னைப் புழுக்கத்தில் ஓர் இரவுக்குச் சில லிட்டர் வாளியில் சேரும். கரைசல் காய்ச்சவும், பட்டு அலசவும் இதைவிட நல்ல தண்ணீர் நகரத்தில் கிடைக்காது. மழைநீர்த் தொட்டி இருக்கிற வீட்டில் அந்த நீரும் அதே தரம். குடிக்க மட்டும் ஏசி தண்ணீரைப் பயன்படுத்தக் கூடாது.

மெஷினில் எங்கே தவறுகிறது என்று பார்ப்போம். ஐந்தாறு தோலைச் சின்னத் துணிப் பையில் கட்டித் துணிகளோடு போடச் சொல்வது பொதுவான அறிவுரை. சூடு வைக்கும் ஃப்ரன்ட் லோடு மெஷினில், 40 டிகிரியில், அது நடக்கும். நம் வீடுகளில் பெரும்பாலானவை குழாய்த் தண்ணீரில் ஓடும் டாப் லோடு மெஷின்கள். அந்தத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோலிலிருந்து சத்து போதுமான அளவு இறங்காது, துணி வெறும் தண்ணீரில் அலசியது போலத்தான் வரும். பிறகு சத்து இறங்குவதோ அலசும் தண்ணீரில். பூந்திக்கொட்டை பயனற்றது என்று பலர் சொல்வது பெரும்பாலும் இந்தப் பையை நம்பியதால். காய்ச்சிய கரைசலைத் தண்ணீர் நிரம்பியதும் நேரே ஊற்றுங்கள். நுரை குறைவாக இருப்பதைப் பார்த்து இன்னும் இன்னும் ஊற்ற வேண்டாம், அழுக்கு போவதற்கு நுரை அளவுகோல் இல்லை. நுரை குறைவு என்பதால் ஓர் அலசலே போதும், இரண்டாவதை நிறுத்திவிடலாம். லாரிக்குக் காத்திருக்கும் மாதங்களில் மிச்சமாகும் அந்த டிரம் தண்ணீரின் மதிப்பு தெரியும்.

கறைகள் தனிக் கணக்கு. மஞ்சள் கறைக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. சாம்பார் சிந்திய இடத்தில் சோப்பு பட்டால் காரத்தில் மஞ்சள் சிவந்துவிடும். பூந்திக்கொட்டைக் கரைசல் லேசான அமிலம், அதனால் சிவப்பதில்லை. எண்ணெயை மட்டும் இதில் எடுத்துவிட்டு நல்ல வெயிலில் காயப்போட்டால் மஞ்சளை வெயில் வெளுத்துவிடும், சில சமயம் இரண்டு நாள் ஆகும். ரத்தக் கறை, பால் கறைக்கு இதில் நொதி எதுவும் கிடையாது, குளிர்ந்த நீரில் முதலில் அலசிவிட வேண்டும். காலருக்குக் கட்டி சோப்பைத் தேய்த்து ஊறவைத்துவிட்டு மெஷினில் போடுங்கள். தலையணை உறையின் எண்ணெய் சூடான நீரும் சோப்புத் தூளும் இல்லாமல் போகாது.

வெள்ளைத் துணி ஏன் மங்குகிறது? காரணம் இரண்டு. கரைசலின் பழுப்பு நிறம் கொஞ்சம் கொஞ்சமாக இழையில் ஏறுகிறது. சோப்புத் தூளில் இருக்கும் ஒளிரும் சாயமும் இதில் கிடையாது, அந்தச் சாயம்தான் வெள்ளையை வெயிலில் நீலப் பளிச்சென்று காட்டுவது. சொட்டு நீலம் போட்டால் ஓரளவு சரியாகும். வேட்டிக்கும் வெள்ளைச் சட்டைக்கும் சோப்புத் தூளே போடுங்கள், வழக்கமான அளவில் பாதி. டப்பாவோடு வரும் கரண்டியால் அளந்து போட்டாலே பல வீடுகளில் தூள் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும்.

பட்டுக்கு வருவோம், இந்தப் பொருளின் உண்மையான இடம் அதுதான். பட்டு புரத இழை, சோப்பின் காரம் அதன் மினுமினுப்பைக் குறைக்கும். பூந்திக்கொட்டை அப்படிச் செய்வதில்லை. முதலில் சாயச் சோதனை: முந்தானையின் உள்மடிப்பில் ஈர வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தப் புடவை டிரை கிளீனிங்குக்குத்தான். காஞ்சிபுரம் புடவையில் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம் என்பதால் இந்தச் சோதனையை இரண்டிலும் செய்ய வேண்டும். நிறம் ஏறவில்லை என்றால் அரை வாளி குளிர்ந்த நீரில் ஐம்பது மில்லி கரைசல் கலந்து, புடவையை அமிழ்த்தி எடுத்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காமல் அலசிவிடுங்கள். ஊறவைப்பது, ஜரிகையைத் தேய்ப்பது, முறுக்கிப் பிழிவது மூன்றும் கூடாது. இரண்டு முறை நல்ல நீரில் அலசி, பருத்தித் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் உலர்த்த வேண்டும். கோடை வியர்வைக் கறையை நாள்பட விடக் கூடாது, அன்றைக்கே அக்குள் பகுதியை மட்டும் நீர்த்த கரைசலில் ஒற்றித் துடைத்துவிட்டால் முழுப் புடவையையும் நனைக்கும் தேவை பல முறை வராது.

தங்க நகைக்குப் பொற்கொல்லர்களே இதைத்தான் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஒரு கிண்ணம் வெந்நீரில் நான்கைந்து காயின் தோலைப் போட்டுக் கசக்கி, தாலிச் சங்கிலியையோ வளையலையோ கால் மணி நேரம் ஊறவைத்து, மிருதுவான பிரஷ்ஷால் தேய்த்தால் மஞ்சளும் எண்ணெயும் கலந்த பிசுக்கு கழன்று வரும். முத்து, பவளம் பதித்ததை ஊறவைக்காதீர்கள், அமிலம் மிக லேசானதாக இருந்தாலும் அவற்றின் மேற்பரப்பை அரிக்கும். அரக்கு வைத்துக் கட்டிய கெம்பு நகையையும் நீரில் போடக் கூடாது. கல்லுக்குப் பின்னால் ஈரம் புகுந்தால் நிறம் மங்கிவிடும்.

பாத்திரத்துக்கு? டம்ளர், டீ பாத்திரம், சோற்றுத் தட்டு சரி. எண்ணெய்ச் சட்டிக்குப் போதாது.

கரைசல் கெடுவதுதான் சென்னையில் பெரிய தொல்லை. தோலில் சர்க்கரைச் சத்து இருக்கிறது, மே மாத வெப்பத்தில் மறுநாள் மாலைக்குள் புளித்து நுரைக்கத் தொடங்கிவிடும். அதை இறுக மூடிய பாட்டிலில் வெளியே வைத்தால் வாயு சேர்ந்து மூடி தெறிக்கும், கண்ணாடியானால் வெடிக்கவும் கூடும். எலுமிச்சை பிழிந்தால் மாதக் கணக்கில் தாங்கும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். நொதிக்க வைக்கும் ஈஸ்ட் புளிப்பில் நன்றாகவே வளரும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை டப்பாவில் போட்டுவையுங்கள். சாதாரணத் தட்டில் ஒரு கட்டி இருபது மில்லி வரும், ஒரு சலவைக்கு ஐந்து. அந்தத் தட்டும் டப்பாவும் இதற்கென்றே தனியாக இருக்கட்டும், பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். ஜூஸ் கட்டி என்று நினைத்துக் குழந்தைகள் எடுத்துவிடக் கூடாது. லேசாகப் புளித்த கரைசலைத் துணிக்குப் போட்டால் வாடை தங்கும், குளியலறைத் தரைக்கு ஊற்றிவிடுங்கள்.

சலவை நீர் எங்கே போகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. 2019 நவம்பர் கடைசியில் மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் கரை நெடுக வெண்ணுரை படர்ந்து, அதில் குழந்தைகள் விளையாடிய காட்சியை மறந்திருக்க மாட்டோம். சுத்திகரிக்காத கழிவுநீரில் வந்த சோப்புப் பொருள்களின் பாஸ்பேட் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. பூந்திக்கொட்டையில் அந்தப் பாஸ்பேட் சேர்மானம் இல்லை, சப்போனின் மண்ணில் சிதைந்தும் போகும். சலவைச் சோடா சேர்க்காத நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் பாய்ச்சலாம். சோடா சேர்த்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் சோடியம் சேர்ந்து மண் இறுகிவிடும். நன்றாக நீர்த்த கரைசலை செம்பருத்தியில் அப்பும் மாவுப்பூச்சிக்கும் தெளிக்கலாம், முதலில் ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு. மீனுக்கு மட்டும் இது நஞ்சு. குளங்களில் மீன் பிடிக்க இதைக் கரைத்துவிடும் பழக்கமே இருந்தது. அல்லித் தொட்டியில் கொசுப்புழுவுக்காகக் கப்பி மீன் விட்டிருக்கிறவர்கள் இந்த நீர் ஒரு சொட்டும் அங்கே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசினாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அது கெட்டுப்போனதன் அடையாளமில்லை, கட்டியாகவே எடுத்து ஊறவைக்கலாம். வெள்ளைப் பூஞ்சை படர்ந்து மக்கிய வாடை வந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள். மழைக்கு முன், புரட்டாசி வெயிலில் இரண்டு நாள் உலர்த்தி, இறுக மூடும் எவர்சில்வர் சம்படத்தில் போட்டு வைத்தால் தை வரை தாங்கும். அதற்கு ஒரு கிலோ போதும், விலை மலிவாக இருக்கிறதென்று ஐந்து கிலோ வாங்கி அடுக்க வேண்டாம்.